இடது பக்கத்து வயலின்கள்

பிப்ரவரி 9

மகாகனம் பொருந்திய மாப்பிள்ளை அவர்களுக்கு,

பதினோரு மாதமாக உமக்கு எழுதாததில் என் பேனா துருப்பிடித்து, மேசை சாய்ந்து, தபால்காரர் எங்கள் தெருப்பக்கம் வருவதையே விட்டுவிட்டார். இன்று நானே கொடியேற்றிப் போர்நிறுத்தம் அறிவிக்கிறேன். காரணம், அன்பு இல்லை. ஆத்திரம்.

உமக்கு ஓர் இசையமைப்பாளர், எனக்கு ஓர் இசையமைப்பாளர் என்று கட்சி கட்டினோமே, அதில் என் ஆள் இசையமைத்த அந்தக் கலங்கரை விளக்கப் படத்தின் பின்னணி இசை வெளிவந்திருக்கிறது. இப்போதெல்லாம் தனியாகவே வெளியிடுகிறார்கள், பார்த்தீரா? நம் காலத்தில் தங்கச்சியின் கைப்பைக்குள் டேப் ரெக்கார்டரை ஒளித்துவைத்துத் தியேட்டருக்குள் கடத்திப்போய், மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிவு செய்தோம். பின் வரிசைக்காரர் இருமினால் அந்த இருமலும் இசையோடு சேர்ந்து வரலாற்றில் இடம்பிடித்தது.

சரி, ஆத்திரத்துக்கு வருகிறேன். உம் மகள், அதுதான் எனக்குப் 'புளுகு மாமா' என்று பட்டம் கொடுத்த பெருமாட்டி, அனுப்பிய ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டேன். வயலின்களைக் காணோம்! நாற்பது வயலின்காரர்கள் என்று அட்டையில் போட்டிருக்கிறது. நாற்பது பேரும் டீ குடிக்கப் போனவர்கள் திரும்பவே இல்லை. என் ஆள் இப்படி ஒரு துரோகம் செய்வான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பத்துக்கு மூன்று. அதுவும் பழைய பழக்கத்துக்காக.

இன்னொரு விஷயம். தங்கச்சி போன நாலாம் நாள் நீர் எல்லா கேசட்டையும் பெட்டியில் போட்டு மூடினீர். 'அவளை ரெண்டாவது தடவை புதைக்கிறீரு'ன்னு நான் கூடத்தில் எல்லார் முன்னாலும் கத்தினேன். 'போங்க மச்சான்' என்றீர். போய்விட்டேன்.

எனக்கு ஒரே ஒரு கேசட் வேண்டும். கடிகாரக் கடைக்காரர் படம். ரயிலடிக் காட்சியில் வாத்தியமெல்லாம் நின்றுபோக, தியேட்டரே மௌனமாக இருக்க, அவள் தன்னை மறந்து ஒரு மெட்டை முனகினாளே, அது. அவள் குரல் என்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அது மட்டும்தான். அனுப்பும்.

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக்குகளின் சக்கரவர்த்தி,
உம் மச்சான்


பிப்ரவரி 20

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது.

வயலின்கள் இருக்கின்றன. நான் வீட்டில் இசை கேட்பதில்லை. டெப்போ ஓய்வறையில் ஒரு கண்டக்டரின் போனில் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டேன். இரண்டாவது பகுதியில் இரண்டு நிமிடம் பத்தாவது நொடியில் ஆரம்பித்து, கடைசிவரை நிற்கவே இல்லை. முழுக்க இடது பக்கம். வலது பக்கத்தைக் கழற்றிவிட்டும் சரிபார்த்தேன். என் மதிப்பெண் ஏழரை. உங்கள் ஆளுக்கு நான் இதுவரை போட்டதில் இதுதான் அதிகம். நீங்கள் மூன்று போட்டதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

மற்றது. நாலாம் நாள் நான் ஏன் பெட்டியை மூடுகிறேன் என்று உங்களிடம் சொன்னேன். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, உங்கள் காதோரம் குனிந்து சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. அதைக் கேட்டுவிட்டுத்தான் நீங்கள் எழுந்து கத்தினீர்கள். கத்தியதை மன்னிக்கலாம். கேட்ட பிறகும் கத்தியதுதான் எனக்கு ஆறவில்லை.

பெட்டிகள் பரண்மேல் இருக்கின்றன. ஆறு பெட்டிகள். நான் திறக்கவில்லை.

நான்கு முறை உங்களுக்கு போன் செய்தேன். எடுத்து, 'ஹலோ ஹலோ' என்று கூப்பாடு போட்டுவிட்டு வைத்துவிடுகிறீர்கள். பேசப் பிடிக்கவில்லை என்றால் எடுக்காமலே இருக்கலாம்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை


மார்ச் 2

நொடி முள்ளை விழுங்கிப் பிறந்த மாப்பிள்ளைக்கு,

இரண்டு நிமிடம் பத்தாவது நொடியாம்! டெப்போவில் டைம்கீப்பராக இருந்து இருந்து உமக்கு இதயத்துக்குப் பதில் பஸ் அட்டவணை ஓடுகிறது. மறுபடி கேட்டேன். ஏழு முறை. வயலின் இல்லை. உம் கண்டக்டரின் போனில் பக்கத்து வீட்டுக் கல்யாணக் கச்சேரி ஏதாவது புகுந்திருக்கும். நான் போட்ட மூன்று மூன்றுதான். மாற்ற மாட்டேன்.

போனைப் பற்றி. தொலைபேசி இலாகா எனக்கு எதிராகச் சதி செய்கிறது. போன் மட்டுமா? ஊரே சேர்ந்து குரலைத் தணித்துக்கொண்டுவிட்டது. கடைக்காரர் முணுமுணுக்கிறார், பஸ்காரன் கிசுகிசுக்கிறான், டிவியில் செய்தி வாசிக்கிற பெண் எனக்கு மட்டும் ரகசியம் சொல்கிறாள். ஆகவே கடிதமே உத்தமம். கடிதத்தில் நீர் குறுக்கே பேசவும் முடியாது.

எனக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது, தெரியுமா? இருபத்தெட்டு வருஷமாக மோட்டார் அறையில் காதை வைத்து, எந்த பேரிங் அழுகிறது, எந்தக் கம்பி முனகுகிறது என்று கண்டுபிடித்தவனை, இப்போது ஆபீஸில் மேசை போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். மேசை அவ்வளவு பெரிது. அந்தக் கோடிக்குப் போய்வர இன்னொரு லிஃப்ட் வேண்டும்.

கேசட்டை அனுப்பும், மாப்பிள்ளை. கெஞ்சுவதற்கு எனக்குப் பழக்கம் இல்லை. ஆனாலும் கெஞ்சுகிறேன். டேப் என்பது வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் ஒட்டிக்கொள்ளும், மங்கும். எல்லாவற்றுக்கும் ஒரு தவணை இருக்கிறது. சீக்கிரம் வேண்டும். ஏன் சீக்கிரம் என்று கேட்காதீர்.

கத்தியது தப்புதான். இதை யாரிடமும் காட்டாதீர், என் கௌரவம் என்னாவது.

ஆமாம், நாலாம் நாள் என்னிடம் என்ன சொன்னீர்? மறந்துவிட்டது. இன்னொரு முறை எழுதும்.

உம் மச்சான்


மார்ச் 15

மச்சானுக்கு,

மறந்துவிட்டது என்கிறீர்கள். மறக்கிற மாதிரி நான் எதுவும் சொல்லவில்லை. திரும்ப எழுதவும் மாட்டேன்.

ஆனால் நீங்கள் 'தப்புதான்' என்று எழுதியதை இரண்டு முறை படித்தேன். முதல் பெட்டியை இறக்கித் திறந்தேன். மேலாகவே இருந்தது. அட்டையில் அவள் கையெழுத்து. கடிகாரக் கடை, மாட்னி, கீழே மூன்று நட்சத்திரம். அவள் மார்க் போட மாட்டாள், நட்சத்திரம்தான் வரைவாள்.

திறந்த உறைகளுக்குள் எல்லாம் அவள் தலைமுடி ஒன்றாவது இருக்கிறது. நீளமானது. அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. மூடிவிட்டேன்.

இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நான் போட்டுப் பார்க்கவில்லை. பதிவு சரியாக இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. நம்மிடம் இருப்பது இது ஒன்றுதான், ஜாக்கிரதை. பட்டனை அழுத்தும்போது பதிவு செய்கிற சிவப்பைத் தொட்டுவிடாதீர்கள்.

ஓர் உதவி. நீங்கள் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். அவள் முனகல் எப்படி இருக்கிறது, முழுசாக இருக்கிறதா என்று. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டால் என்றைக்காவது நானும் கேட்டுவிடுவேன் என்று தோன்றுகிறது. எனக்காகவும் சேர்த்து நீங்கள் கேளுங்கள்.

மாப்பிள்ளை


மார்ச் 27

என் அருமை மாப்பிள்ளைக்கு,

வந்தது! கேட்டேன்! கேட்டேன் என்றா சொன்னேன்? குளித்தேன், மிதந்தேன், மூழ்கி அடுத்த கண்டத்தில் கரையேறினேன்!

ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினேன். கீழ்வீட்டு நாயைக் கையெடுத்துக் கும்பிட்டேன். பழைய பிளேயரைத் துடைத்து, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன்.

முதலில் தியேட்டர். சீட்டுகள் கிரீச்சிடுகின்றன. ஒரு குழந்தை சிணுங்குகிறது. அப்புறம் அந்த ரயிலடி. உம் ஆள், ஆமாம், உம் ஆள்தான், இந்த ஒரு படத்துக்காக அவருக்கு என் சொத்தில் பாதியை எழுதிவைப்பேன், எல்லாத்தையும் நிறுத்துகிறார். நாற்பது நொடி ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லாததில், மாப்பிள்ளை, நம்ம பொண்ணு. நாலே நாலு ஸ்வரம். பட்டுத்துணியை மடித்துவைக்கிற மாதிரி. அவள் முடிக்கவும் திரையில் புல்லாங்குழல் அதே நாலு ஸ்வரத்தை எடுக்கிறது. அவளைக் கேட்டுத்தான் அவர் இசையமைத்தார் என்று நான் கோர்ட்டில் சத்தியம் செய்வேன்!

முழுசாக இருக்கிறது. ஓர் இழைகூட மங்கவில்லை. நான் அழுத அழுகையில் மூன்றாவது மாடிவரை வெள்ளம். பத்துக்குப் பத்து. பத்து போதவில்லை, நூறு.

நீரும் கேட்கலாம். பயப்படாதீர். சுகமாகத்தான் இருக்கிறது.

உம் மச்சான்


ஏப்ரல் 5

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குத் தைரியம் வந்தது. மீதி ஐந்து பெட்டிகளையும் நேற்று மத்தியானம் இறக்கினேன். வேறு ஏதாவது ஒன்றிலாவது அவள் குரல் இருக்காதா என்று.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கேசட்டையும் அதன் உறையில் போட மாட்டாள். கையில் கிடைத்த உறையில் போட்டு மூடுவாள். 'என் தங்கச்சி வீட்டுல கேசட்டெல்லாம் விருந்தாளி, எந்த வீட்ல வேணா தூங்கும்'னு நீங்கதான் கேலி பண்ணுவீங்க. எனக்கு அது மறந்துபோயிற்று.

டெப்போவில் புது மைக் வைத்தபோது நான் வீட்டில் அறிவிப்புப் பயிற்சி செய்து பதிவு செய்த கேசட் ஒன்று உண்டு. அதன் உறையைத் திறந்தேன். உள்ளே கடிகாரக் கடைப் படம் இருந்தது. போட்டுப் பார்த்தேன். அதுதான். அவள்தான்.

அப்படியானால் உங்களிடம் இருப்பது என் பயிற்சிக் கேசட். 'மூன்றாம் நடைமேடையில் நிற்கும் பேருந்து இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும்.' இதுதான் நாற்பத்தைந்து நிமிடமும்.

நீங்கள் போட்டே பார்க்கவில்லை. எனக்காகவும் சேர்த்துக் கேளுங்கள் என்று எழுதினேன். வாழ்க்கையில் யாரிடமும் அப்படி ஒன்று நான் கேட்டதில்லை. நீங்கள் உட்கார்ந்து ஒரு கதை எழுதி அனுப்பினீர்கள். பட்டுத்துணியாம். என் மகள் உங்களுக்குச் சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறாள்.

இனி எழுத வேண்டாம்.


ஏப்ரல் 14

மாப்பிள்ளை,

எழுத வேண்டாம் என்றீர். இந்த ஒன்று மட்டும்.

நான் போட்டுப் பார்த்தேன். சத்தியமாகப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, நாலு மணி, சட்டை மாற்றியது, நாயைக் கும்பிட்டது, எல்லாம் நிஜம். அதுவரைக்கும் நிஜம்.

எனக்குக் காது கேட்கவில்லை.

இடது காது தங்கச்சி போவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே போய்விட்டது. மோட்டார் அறைச் சத்தம் தின்றுவிட்டது என்றார் டாக்டர். யாரிடமும் சொல்லவில்லை. நாலாம் நாள் நீர் நாற்காலியைப் போட்டது என் இடது பக்கம். உம் உதடு அசைந்ததுகூட எனக்குத் தெரியாது. நீர் எந்தப் பதிலும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பதாக நினைத்துத்தான் எழுந்து கத்தினேன்.

வலது காது இந்த வருஷம். பிப்ரவரியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதில்தான் வயலின் இல்லாத வயலின் இசையைக் கேட்டேன். என் ஆளுக்கு மூன்று போட்ட பாவி நான். மார்ச்சில் அதுவும் தணிந்தது. காது மெஷின் வைத்தால் எதிரில் இருப்பவர் பேச்சு கொஞ்சம் வரும், இசை வந்தால் தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி இருக்கிறது. அதனால்தான் சீக்கிரம் என்றேன். காது அடைவதற்குள் அவளை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று. கேசட் பன்னிரண்டு நாள் பிந்திவிட்டது.

பதவி உயர்வும் இல்லை. ஒரு பேரிங் அழுதது எனக்குக் கேட்கவில்லை. இரண்டு மாடிக்கு நடுவில் ஓர் அம்மா ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அப்புறம்தான் மேசை. சின்ன மேசைதான்.

அன்றைக்கு ஒன்றும் கேட்காததால் சத்தத்தை முழுசாக வைத்து, ஸ்பீக்கர்மேல் கையை வைத்தேன். விரலில் அதிர்ந்தது. விட்டு விட்டு, மெதுவாக. இதுதான் அவள் என்று நினைத்தேன். முக்கால் மணி நேரம் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன், மாப்பிள்ளை. நீர் பஸ் அறிவித்துக்கொண்டிருந்திருக்கிறீர்.

எழுதியதெல்லாம் ஞாபகத்திலிருந்து எழுதியது. நீர் 'எனக்காகவும் கேளுங்கள்' என்று எழுதியிருந்தீர். கேட்கவில்லை என்று உமக்கு எப்படி எழுதுவேன்.

கேசட்டை நீரே வைத்துக்கொள்ளும். எனக்கு இனி எதுவாக இருந்தாலும் ஒன்றுதான்.

மச்சான்


ஏப்ரல் 23

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை டெப்போவில் பிரித்துவிட்டேன். அன்றைக்கு இரண்டு பஸ்கள் என் கையெழுத்து இல்லாமலே போயின. பத்தொன்பது வருஷத்தில் முதல் முறை.

நாலாம் நாள் சொன்னது இதுதான். 'அவ பக்கத்துல உக்காராம எனக்கு ஒரு பாட்டும் கேக்கத் தெரியல மச்சான். கேட்டா செத்துடுவேன் போல இருக்கு. கொஞ்ச நாள் மூடி வெச்சுக்கறேன்.' அவ்வளவுதான். இரண்டு பேரும் பதினோரு மாதத்தை வீணாக்கிவிட்டோம்.

இன்று லீவு போட்டேன். கேசட்டைப் போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நிறுத்தி, எழுதி, மறுபடி ஓட்டுகிறேன். எனக்கு உங்களைப் போல எழுத வராது. முயல்கிறேன்.

இரண்டாம் பக்கம். முப்பத்தோராவது நிமிடம். கைப்பையின் ஜிப் சத்தம், ரொம்பப் பக்கத்தில். பிறகு செல்லோ இரண்டு, கீழே. பின் வரிசையில் ஒருவர் இருமுகிறார். கூரை பறந்து பக்கத்து ஊரில் விழுகிற மாதிரி இருமுகிறார். நீங்கள் அப்படித்தான் எழுதியிருப்பீர்கள்.

முப்பத்திரண்டு, பன்னிரண்டு. வாத்தியங்கள் நிற்கின்றன. நீங்கள் நாற்பது நொடி என்று எழுதினீர்கள். சரியாக முப்பத்தெட்டு. காதில்லாமல், ஞாபகத்திலேயே இரண்டு நொடிதான் பிசகியிருக்கிறீர்கள்.

பதினைந்தாவது நொடியில் அவள் ஆரம்பிக்கிறாள். வாயைத் திறக்கவில்லை, மூக்கால்தான். உங்கள் பட்டுத்துணி பொருந்தவில்லை. அதைவிடக் கொஞ்சம் கரகரப்பு. அன்றைக்கு அவளுக்கு ஜலதோஷம், ஞாபகம் இருக்கிறதா? முதல் மூன்று ஸ்வரம் திடமாக. நாலாவதைப் பிடிக்கப் போய்க் கொஞ்சம் கீழே விழுகிறது. மறுபடி எடுக்கிறாள். இரண்டாம் தடவை சரியாக நிற்கிறது. அப்படி நின்றபோது, மச்சான், பரணும் ஆறு பெட்டியும் என் நெஞ்சிலிருந்து இறங்கின. மிகை இல்லை. அப்படித்தான் இருந்தது.

பிறகு புல்லாங்குழல். அதற்கு ஒரு நொடி முன்னால், நாம் மூன்று பேரும் இத்தனை வருஷம் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஆறு முறை ஓட்டி உறுதி செய்துகொண்டேன். அவள் உங்கள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், குரல் கொஞ்சம் விலகுகிறது. மெதுவாகக் கேட்கிறாள்.

'அண்ணா, கேக்குதா?'

நீங்கள் பதில் சொன்னீர்களா என்று தெரியவில்லை. புல்லாங்குழல் மூடிவிடுகிறது.

நான் எதற்கும் எட்டுக்கு மேல் போட்டதில்லை. உங்கள் மார்ச் 27 கடிதத்துக்கு ஒன்பது போடுகிறேன். ஒன்று குறைத்தது ஜலதோஷத்தை விட்டதற்கு.

மீதிப் பெட்டிகளில் நூற்றுப் பதினான்கு கேசட்டுகள் இருக்கின்றன. வாரம் ஒன்று கேட்டு எழுதுகிறேன். கலங்கரை விளக்கத்தையும் எழுதுகிறேன், இடது பக்கத்தை முதலில்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 30

மாப்பிள்ளை,

எட்டுக்கு மேல் போடாத மனிதர் ஒன்பது போட்டதை ஃபிரேம் செய்து என் சின்ன மேசைமேல் வைத்திருக்கிறேன். மேசை அதன் பாரம் தாங்காமல் முனகுவதாக ஆபீஸில் சொல்கிறார்கள். நம்பித்தான் ஆக வேண்டும்.

உம்முடைய பஸ் கேசட்டைத் திருப்பி அனுப்ப மாட்டேன். அது இங்கேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கையை வைத்துக்கொள்வேன்.

அவள் கேட்ட அந்த வரியைச் சமையலறையில் நின்றபடி படித்தேன். பிறகு ஜன்னலோரம் போய் உட்கார்ந்து படித்தேன். ஜலதோஷக் குரல் என்று நீர் எழுதியிருந்தது உதவியாக இருந்தது. எத்தனையாவது தடவை என்று எண்ணவில்லை, எண்ணுவது உம் வேலை. ஒரு தடவை, வலது பக்கமாக, ரொம்பக் கிட்டத்தில் கேட்டது.

நான் பதில் சொன்னேனா என்று கேசட்டில் இல்லை என்கிறீர். படம் பார்க்கும் மும்முரத்தில் சொல்லியிருக்க மாட்டேன். என்னைத் தெரியாதா.

இன்றைக்குச் சொல்லிவிட்டேன். சத்தமாகவே சொல்லியிருப்பேன் போலிருக்கிறது, கீழ்வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் திறந்து என்னவோ கேட்டார்.

'கேக்குதும்மா'ன்னேன்.